ஊரே திரும்ப எழுதக்கூடிய பலகை

(கொல்லிமலை செம்மேட்டில் ஊராட்சிப் பணியாளர்கள், ஆசிரியர்கள், தொழில் கற்கும் இளைஞர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

 

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று எண் போட்டிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த எண்ணின் பயன் வேறு. வண்டி நின்றுவிட்டால், "முப்பத்திரண்டாவது வளைவில் நிற்கிறேன்" என்று சொன்னால் போதும். கீழேயிருந்து வரும் மெக்கானிக்குக்கும், மேலேயிருந்து இறங்கும் மச்சானுக்கும், 108 வண்டி ஓட்டுநருக்கும் இடம் பிடிபட்டுவிடும். வீடும் கடையும் இல்லாத காட்டுச் சாலையில் எண்தான் முகவரி. அந்த எண் மங்கினால் முகவரி மங்குகிறது.

இந்த 70 பலகைகளையும், எழுத்தின் வடிவில் துளை வெட்டிய ஸ்டென்சில் தகடு வைத்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 70 வரை எழுத 131 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் வரும் 70-க்கு இன்னும் 140. மொத்தம் 271 இலக்கங்கள். இதற்கு வெட்ட வேண்டியவை பத்தே தகடுகள், சாய்கோட்டுக்கு ஒன்று. ஆனால் எல்லாத் தகடுகளுக்கும் ஒரே அளவு வேலை இல்லை. 8-உம் 9-உம் தலா ஏழே முறை பலகையில் உட்காரும். 7 உட்காருவது 78 முறை. சுழியம் 77 முறை. ஆகவே அறிந்த பெயின்டர் 7-ஐயும் சுழியத்தையும் மட்டும் கனமான தகட்டில், இரண்டிரண்டாக வெட்டி வைப்பார். வேலை தொடங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் தொழில். தூரிகை அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: மலையூர் ஒன்றின் பெயர்ப்பலகையை, கிளைச்சாலையின் எச்சரிக்கைப் பலகையை, குடிநீர்த் தொட்டியின் எழுத்தை அந்த ஊரே திரும்ப எழுத முடிய வேண்டும். கீழே நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு இன்றைக்கும் மிக எளிய வழி, நன்றாக வெட்டிய தகடும் ஒரு டப்பா எனாமல் பெயின்டும்.

தகடு நமக்குப் புதிதும் இல்லை. கோலமாவை இட்டுத் தட்டினால் தரையில் தாமரை விழும் துளைபோட்ட கோல அச்சு பல வீடுகளில் இருக்கிறது. அதுவும் ஸ்டென்சில்தான். மிளகும் காப்பியும் கட்டி இறக்கும் சாக்கின் மேல் போடும் குறியும் அப்படித்தான். மலைக்குக் கீழே சமவெளியில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் இருக்கின்றன. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் திருச்செங்கோடு. அந்த வண்டிகளின் உடம்பு முழுக்க எழுத்து: வெறும் எடை, ஏற்றிய எடை, டீசல் டேங்கின் கொள்ளளவு, ஒலி எழுப்பு, பதிவு எண். டி.என். 28-உம் டி.என். 34-உம் எழுதியே கை பழகிய பெயின்டர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். 2019 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிப் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத்தகடு கட்டாயமானது. எண் எழுதும் வேலை அவர்கள் கையைவிட்டுப் போனது. திருட்டைத் தடுக்கும் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த தொழில் வீணாகப் போகாமல் இருக்க, அதை ஊர்ப்பலகைகளின் பக்கம் திருப்ப வேண்டியது நம் பொறுப்பு.

இனித் தமிழெழுத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

தகட்டில் சுழியத்தை வெட்டினால் என்ன ஆகும்? வெளிவட்டத்தை வெட்டியதும் நடுவிலுள்ள துண்டு பிடிமானம் இல்லாமல் கழன்று கீழே விழுந்துவிடும். அந்தத் துண்டைத் தீவு என்போம். தீவு விழாமலிருக்க, அதை வெளித் தகட்டோடு இணைக்கும் ஒல்லியான பாலம் ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். ஸ்டென்சில் எழுத்துகளில் அங்கங்கே இடைவெளி தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அழகுக்காகச் செய்ததென்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் எழுத்தே நிற்காது.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளால் 'கொல்லி ஹில்ஸ்' என்று எழுதிப் பாருங்கள். 'ஓ' என்ற ஓரெழுத்தில் மட்டுமே தீவு. மற்றவை எல்லாம் நேர்க்கோடும் வளைகோடும்தான். இப்போது தமிழில் 'கொல்லிமலை' என்று எழுதுங்கள். கொம்பின் சுழியில் ஒரு தீவு, 'க'வின் இடப்பக்கத்தில் ஒன்று, 'ல்' 'லி' இரண்டிலும் ஒவ்வொன்று, 'ம'வின் வலப்பக்கத்தில் ஒன்று, ஐகாரக் கொம்பில் இரண்டு, கடைசி 'ல'வில் மறுபடி ஒன்று. எழுதும் வடிவத்தைப் பொறுத்து ஏழெட்டுத் தீவுகள்! ஓர் ஊர்ப்பெயருக்குள் ஏழெட்டுத் தீவுகளை ஏழெட்டுப் பாலங்களில் தொங்கவிட வேண்டும். ட, ப, ய, ர போன்ற சில எழுத்துகள்தான் எந்தத் தொல்லையும் தராமல் விடுகின்றன.

ஆங்கிலத்துக்கு எத்தனையோ வகைத் தகட்டெழுத்துகளைத் தேர்ந்த வரைவாளர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். பித்தளையில் செய்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தகட்டுக் கட்டுகள் நூறாண்டுக்கு மேலாகக் கடையில் கிடைக்கின்றன. தமிழுக்கு அந்த அக்கறை வந்து சேரவில்லை. கணினியில் உள்ள ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்து, அதன் நடுவே ஒரே சீராகச் செங்குத்துக் கோடு கிழித்து, 'தமிழ் ஸ்டென்சில்' என்று வெட்டிக் கொடுக்கிறார்கள். செங்குத்துக் கோடு ஆங்கில 'ஓ'வுக்குப் பொருந்தும். 'ழ'வுக்கும் 'ண'வுக்கும் பொருந்தாது. 'ண'வின் நடுவே கோடு விழுந்தால் அது எந்த எழுத்தென்றே சந்தேகம் வரும்.

பாலம் எங்கே விழ வேண்டும் என்பதற்கு எழுத்தின் உடலைப் பார்க்க வேண்டும். அதை வேறு எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் உறுப்பு எதுவோ, அங்கே பாலம் விழக்கூடாது. 'ம'வுக்கு அந்த உறுப்பு வலப்பக்கச் சுழி. அது சிதைந்தால் தூரத்திலிருந்து 'ப' போலத் தெரியும். ஆகவே சுழியின் மடிப்பில் பாலம் விடாமல், அடிக்கோட்டை ஒட்டி விட வேண்டும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேறுபாடு எத்தனை வளைவு என்பதில் இருக்கிறது. வளைவுகளை எண்ண முடியாதபடி பாலம் குறுக்கிடக் கூடாது. முதல் சுழியிலேயே பாலத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

மலையேறுகிறவர்கள் கடந்துவரும் ஓர் ஊரையே சொல்கிறேன்: சேந்தமங்கலம். அதன் முதலெழுத்தில் இரட்டைச் சுழிக் கொம்பு. ஒற்றைக் கொம்புக்கும் இதற்கும் வேறுபாடு மேலேயுள்ள சிறு சுழி ஒன்றுதான். இந்த வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நிலைப்படுத்தினார் என்பது தமிழாசிரியர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் குறிலா நெடிலா என்று வாசிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. தகட்டில் பெயின்ட் ஏறி ஏறி அந்தச் சிறு சுழி அடைபட்டுவிட்டால், சேந்தமங்கலம் செந்தமங்கலம் ஆகிறது. ஓர் அறிஞர் உழைத்துத் தந்த வேறுபாட்டைக் கழுவாத தகடு ஒன்று அழித்துவிடுகிறது. ஐந்து பலகைக்கு ஒருமுறை தகட்டின் ஓரங்களைத் தின்னரில் துடையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புள்ளி மட்டும் தகட்டுக்கு எளிது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். தகட்டில் புள்ளி என்பது ஓர் ஓட்டை. ஆணியும் சுத்தியலும் போதும். எளிது என்பதால்தான் அதை அலட்சியப்படுத்துகிறோம். சிறு ஓட்டை முதலில் அடைபடும். செம்மேடு செமமேடு ஆகும். புள்ளியை எழுத்துக்கோட்டின் தடிமனைவிடச் சற்றே பெரிதாக வெட்டுங்கள்.

இந்தத் தீவுச் சிக்கலை உலகத்தில் மிக நுட்பமாகத் தீர்த்தவர்கள் ஜப்பானியர்கள். துணியில் சாயமிட அவர்கள் வெட்டும் இசே கத்தகாமி என்ற தாள் தகடுகளுக்காக, கையால் செய்த தாளைப் பழச்சாற்றுக் கறையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டியாக்குவார்கள். அந்தப் பழம் நாம் பழக்கடையில் காணும் பெர்சிமன். பாலம் தெரியக்கூடாத நுண்ணிய கோலங்களுக்கு இரண்டு தாள்களின் நடுவே பட்டுநூலைப் பரப்பி ஒட்டிவிடுவார்கள். தீவுகள் நூலில் தொங்கும். சாயம் நூலைச் சுற்றிக் கடந்துவிடும். நாம் பனியனிலும் பையிலும் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்கும் இதே நோக்கில் வளர்ந்ததுதான். மேற்கே மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907இல் பட்டுத்துணிச் சட்டத்தால் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நமக்குப் பட்டுநூல் தேவைப்படாது. ஆனால் ஒரு பாலத்தை எங்கே விடுவது என்பதற்கு அத்தனை யோசித்த கைகள் இருந்தன என்பது நினைவில் இருக்கட்டும்.

எழுத்துச் சீர்திருத்தம் தகட்டுக்குப் பெரும் உதவி செய்திருக்கிறது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய மாற்றங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் 'ணை', 'லை', 'னை' முதலியவற்றுக்குத் துதிக்கை போன்ற தனி வளைவு இருந்தது. 'ணா', 'றா', 'னா' மூன்றும் காலை ஏற்காமல் தனி வடிவில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தகடு வெட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரே காலும் ஒரே ஐகாரக் கொம்பும் எல்லா மெய்க்கும் பொருந்துகின்றன. பழைய கட்டடம் ஒன்றில் துதிக்கை வைத்த 'லை'யைப் பார்த்தால், பெரும்பாலும் அது சீர்திருத்தத்துக்கு முந்திய கை என்று அறியலாம்.

இப்போது ஓர் ஊராட்சிக்கு முழு எழுத்துத் தொகுதி வேண்டுமானால் எத்தனை தகடுகள்? தமிழில் 247 எழுத்துகள் என்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கால், இரு கொம்புகள், ஐகாரக் கொம்பு, புள்ளி என ஐந்து. இகர ஈகார விசிறிகளுக்கு, மேலே வைத்து இணைக்கும்படி, இரண்டு. உகர ஊகாரங்கள்தான் எழுத்துக்கு எழுத்து உருமாறுகின்றன. அவை 36. ஙகரத்திலும் ஞகரத்திலும் அவை நமக்குத் தேவைப்படாததால் 32 போதும். கூட்டினால் 70 தகடுகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது அவர் முன் இருந்ததும் இதே கணக்குத்தான். விசையை அழுத்தியும் தாள் நகராதபடி செய்து, விசிறியையும் புள்ளியையும் மெய்யின் மேல் ஏற்றினார். நாம் தகட்டைத் தூக்கி மறுபடி வைப்பதில் அதையே செய்கிறோம்.

ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகக் கோக்கவும் வேண்டியதில்லை. 'குடிநீர்', 'பேருந்து நிறுத்தம்', 'ஒலி எழுப்பவும்', 'மேலேறும் வண்டிக்கு வழி விடவும்' போன்ற திரும்பத் திரும்ப வருபவற்றை முழுச் சொல்லாகவே ஒரு தகட்டில் வெட்டிவிடலாம். மேலேறும் வண்டிக்கு வழிவிடுவது மரியாதை மட்டும் இல்லை, விதி. குறுகிய மலைச்சாலையில் இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. சமவெளியிலிருந்து முதன்முறை மலை ஏறி வருகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. பலகைதான் சொல்ல வேண்டும்.

எழுத்தின் அளவு குறித்து ஒரு வார்த்தை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மூன்று நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்ந்துவிடும். வளைவில் ஓட்டுநருக்குப் பலகைக்காகக் கிடைப்பது அந்த மூன்று நொடியே. தமிழெழுத்துக்குள் சுழிகள் அதிகம் என்பதால், ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தையே தமிழுக்கும் கொடுத்தால் தமிழ் நெருங்கிப் போகும். தமிழைப் பெரிதாக எழுதச் சொல்வதற்கு மொழிப்பற்று ஒரு காரணம். கண்ணுக்குத் தேவை என்பது அதே அளவு வலுவான இன்னொரு காரணம்.

தகட்டை எதில் வெட்டுவது? நாள்பட உழைக்க மெல்லிய அலுமினியம் அல்லது துத்தநாகத் தகடு. அவசரத்துக்குப் பழைய எக்ஸ்ரே படச்சுருள். படிந்திருக்கும் கருமையைக் கழுவிவிட்டால் தெளிவான, வளையக்கூடிய, தின்னர் பட்டாலும் கெடாத தாள் கிடைக்கிறது. கத்திமுனை அதில் வளைவுகளை அழகாக எடுக்கும். அட்டையென்றால் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசிக் காயவிட்ட பிறகே வெட்டுங்கள்.

பெயின்ட் அடிக்கும் விதத்தில் புதியவர்கள் செய்யும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: தூரிகையை நிறையத் தோய்த்து, இழுத்து அடிப்பது. பெயின்ட் தகட்டின் அடியில் புகுந்து எழுத்தின் ஓரம் கசியும். குட்டையான, மயிர் விறைத்த தூரிகையை எடுங்கள். தோய்த்ததும் பழைய துணியில் தட்டி, வறண்டதோ என்று ஐயப்படும் அளவுக்கு ஆக்குங்கள். பிறகு செங்குத்தாகப் பிடித்துக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். தின்னர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டாம். ஒரே தடவையில் அடர்த்தி வராது. இரண்டாம் தடவைக்காகக் காத்திருக்கலாம். தகட்டை எடுக்கும்போது பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராகத் தூக்குங்கள்.

எனாமலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். சமவெளியில் எழுதிப் பழகியவர் இந்த மலையில் தோற்பது எனாமலின் குணத்தை அறியாததால்தான்.

எனாமல் பெயின்ட் காய்வது ஈரத்துணி காய்வது போன்றதென்று எண்ணுகிறோம். முதலில் தின்னர் ஆவியாவது உண்மைதான். அதோடு முடிவதில்லை. அதிலுள்ள எண்ணெய் கலந்த பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாகிறது. ஆவியாவது சில மணி நேரத்தில் முடியும். பிணைவதற்கு ஓர் இரவோ அதற்கு மேலோ ஆகும். குளிரில் இந்த வேலை மெதுவாகும். கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கீழே மாலைக்குள் தொட்டுப் பார்க்கலாம் என்ற பூச்சு, இங்கே மறுநாள் காலையிலும் ஒட்டும். மேல்தோல் இறுகுவதற்குள் பனி இறங்கினால் பளபளப்பு போய், வெண்புகை படிந்தது போல மங்கிவிடும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

ஆகவே மலைக்கான நேரக்கணக்கு வேறு. காலையில் மூட்டம் கலைந்து, பலகை வெயிலில் தொட்டால் வெதுவெதுப்பாக ஆனபிறகே முதல் தூரிகை. பிற்பகல் பாதிக்குள் நிறுத்திவிட வேண்டும். மழைமாதங்களில் வெளிப்பலகை எழுத வேண்டாம். தை பிறந்ததிலிருந்து கோடை மழை தொடங்கும்வரை நல்ல காலம். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் வருமுன் பலகைகள் புதிதாக வேண்டும் என்று ஆனி முடிவில் அவசர அவசரமாக எழுதுவதை விட்டுவிட்டு, மாசி பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். இந்த மலையை ஆண்ட ஓரியைச் சங்கப் புலவர் வன்பரணர் பாடிய பாட்டு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது. அந்த விழாவுக்கு வழிகாட்டும் பலகை இரண்டு மழைக்காவது நிற்கட்டும்.

எதன்மேல் எழுதுகிறோம் என்பது அடுத்தது. புதிதாக வாங்கிய ஜி.ஐ. ஷீட்டில் நேரடியாக எனாமல் அடித்தால், ஓராண்டுக்குள் தோலுரிவது போல் உரிந்து வரும். பெயின்ட் மட்டமென்று கடைக்காரரைத் திட்டுகிறோம். நடப்பது வேறு. மேலே பூசியிருக்கும் துத்தநாகத்தோடு எனாமலின் எண்ணெய் வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற வழுக்கும் படலத்தை இடையில் உண்டாக்குகிறது. பிடிமானம் போய்விடுகிறது. ஜி.ஐ. தகட்டுக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். புதிய சிமென்ட் பூச்சிலும் இதே கதை. சிமென்டின் காரம் எண்ணெயைத் தின்றுவிடும். நீர்த்தொட்டி கட்டி முடித்த வாரமே 'குடிநீர்' என்று எழுதித் திறப்புவிழா நடத்தினால், அடுத்த விழாவுக்குள் எழுத்து உதிர்ந்திருக்கும். பூச்சு நன்றாக ஆறிக் காயச் சில வாரங்கள் விடுங்கள். சாதாரண இரும்புத் தகடு என்றால் துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர். முன்பக்கத்துக்குக் காட்டும் அக்கறையைப் பின்பக்கத்துக்கும் காட்டுங்கள். மலையில் துரு பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்தும் ஆணித்துளையிலிருந்தும்தான் தொடங்குகிறது.

இனிச் சொல்வதை இளையவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய எனாமல்களில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் உண்டு. அந்த மஞ்சளின் நிறமே பல காலம் ஈயக் குரோமேட்டிலிருந்து வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்ட்கள் அந்த விதிக்குள் வரவில்லை. ஆகவே பள்ளிச்சுவருக்கும் அங்கன்வாடிப் பலகைக்கும் டப்பாவில் ஈயமில்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள். பழைய பலகையைச் சுரண்டும்போது உலர்வாகச் சுரண்டாதீர்கள்; நனைத்துத் தேயுங்கள். நெருப்பில் காட்டி உரிக்கவே வேண்டாம். கைகழுவ மண்ணெண்ணெய் வேண்டாம், சமையல் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போடுங்கள். தூரிகை கழுவிய தின்னரை ஓடையில் ஊற்றாதீர்கள். இங்கே ஊற்றுவது அய்யாற்றில் சேர்ந்து ஆகாய கங்கையாக விழுகிறது.

ஃபிளெக்ஸ் பேனர் மலிவாயிற்றே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். ஃபிளெக்ஸ் காற்றில் கிழியும். வெயிலில் முதலில் சிவப்பு வெளுக்கும், பிறகு மற்றவை. கிழிந்ததைத் தைக்க முடியாது. குப்பையாகக் காட்டுக்குள் கிடக்கும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. சில மாதங்கள் பேசினோம். மறுபடி கட்டினோம். கையால் எழுதிய பலகை மங்கினால் மேலே அதே தகட்டை வைத்து அதே இடத்தில் ஒரு பூச்சுக் கொடுக்கலாம். இரும்பு அதே இரும்பு. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். எழுத்துக்கு மட்டுமென்றால் ஓர் ஊராட்சியின் ஓராண்டுத் தேவைக்கே போதும்.

எல்லாவற்றையும் எனாமலில் எழுதிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையின் எச்சரிக்கைக் குறிகளுக்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 67 நெறிமுறை ஒளி திருப்பும் தாளைக் கேட்கிறது. சரியாகவே கேட்கிறது. இரவில் முகப்பு விளக்கு பட்டால் அந்தத் தாள் மின்னும், எனாமல் மின்னாது. வளைவின் எச்சரிக்கைப் பலகை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, அவர்கள் தாளிலேயே செய்யட்டும். ஆனால் கிளைச்சாலைகள், ஊர்ப்பெயர்கள், தொட்டிகள், பாலச்சுவர்கள், விதைவங்கி, பள்ளி, சந்தை, அருவிக்கு இறங்கும் படிகள் ஆகியவை நம் வசம். அங்கும் இரவில் தெரிய வேண்டிய கைப்பிடிச் சுவர் எண்களுக்கு, ஈர எனாமலின் மேல் சாலைக்கோடுகளுக்குத் தூவும் கண்ணாடி மணித்தூளைத் தூவலாம். ஓரளவு ஒளி திருப்பும்.

எழுதக்கூடாத இடங்களும் உண்டு. பாறையில் எழுதாதீர்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். இமாசலத்தில் மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு ஏறும் சாலையோரப் பாறைகளில் நிறுவனங்கள் விளம்பரம் தீட்டியதை 2002இல் உச்ச நீதிமன்றமே கையிலெடுத்துக் கண்டித்தது. நம் மாநிலத்தில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959இலிருந்தே இருக்கிறது. பாறையில் ஏறிய எனாமலை எடுக்கப்போனால் பாறையின் மேல்தோலும், அதில் ஒட்டி வாழும் பாசியும் சேர்ந்து போகும்.

கடைசியாக, வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது. இந்த மலையில் நாடு என்று வழங்கும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றை வாழவந்தி நாடு என்று எழுதியதைப் பார்க்கிறோம், வளவந்தி நாடு என்று எழுதியதையும் பார்க்கிறோம். சிற்றூர்களின் பெயர்களில் இது இன்னும் அதிகம். வெளியாள் காதில் விழுந்தபடி எழுதுகிறார். அதுவே அடுத்த பலகைக்கு மூலமாகிறது. கையால் எழுதும்போது பிழையை அடுத்த பலகையிலாவது திருத்தலாம். தகட்டில் வெட்டிவிட்டால் அந்தப் பிழை எத்தனை பலகையோ அத்தனை முறை ஊரில் நிற்கும். ஆகவே ஊர்ப்பெயரைத் தகட்டில் வெட்டுமுன் கிராமசபையில் வாசியுங்கள். அந்த ஊரின் மூத்த பெண்கள் இருவர் மூவரிடம் உரக்கச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ரகரமா றகரமா, குறிலா நெடிலா, மெய் மிகுமா என்று பள்ளியாசிரியரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். முடிவை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தகடுகளையும் ஊராட்சி அலுவலகத்திலேயே, மரப்பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாதபடி இடையில் தாள் வைத்து அடுக்குங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊர்ப்பெயரையும் வெட்டிய ஆண்டையும் கீறி வையுங்கள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் இங்கேயே இருங்கள். தகரமும் கத்தரியும் பின்பக்க மேசையில் இருக்கின்றன. முதலில் 'குடிநீர்' வெட்டுவோம். 'கு' தவிர மற்ற மூன்று எழுத்திலும் பெரிய தொல்லை இல்லை. அது கைக்கு வந்தபிறகு 'ஒலி எழுப்பவும்'. அதில் 'ழு' ஒன்றுக்கே ஒரு பிற்பகல் போகும், போகட்டும். அந்தத் தகடு நன்றாக அமைந்தால், அதையே பார்த்து மற்ற ஊராட்சிகளுக்கும் வெட்டிக் கொடுக்கலாம்.